பாலிமர் எலக்ட்ரோலைட்: உப்பு, ஃபில்லர், பிளாஸ்டிசைசர் எடை விகிதத்தை எப்படிக் கணக்கிடுவது?

வெண்படலம்:

பிஇஓ (பாலிஎத்திலீன் ஆக்சைடு, மூலக்கூறு எடை 6 லட்சம்), லிடிஎஃப்எஸ்ஐ (ஒரு லித்தியம் உப்பு), நானோ அலுமினா (ஃபில்லர், அதாவது நிரப்புத் தூள்). இந்த மூன்றையும் அசிட்டோநைட்ரைல் கரைப்பானில் கலந்து டெஃப்லான் தட்டில் ஊற்றிப் படலம் எடுக்க வேண்டும். எடைக் கணக்கில்தான் சிக்கல்.

ஒரு கட்டுரையில் "ஈஓ:லி = 20:1" என்று இருக்கிறது. இன்னொன்றில் "20 எடை சதவீத உப்பு". மூன்றாவதில் "r = 0.05". ஃபில்லருக்கு எல்லோரும் "10 சதவீதம்" என்று மட்டும் போட்டிருக்கிறார்கள்.

1 கிராம் பிஇஓ-வுக்கு 20:1 விகிதத்தில் நான் போட்ட கணக்கு: 1 ÷ 6,00,000 = 1.667 மைக்ரோமோல் பாலிமர். அதை 20-ஆல் வகுத்து, உப்பின் மோலார் நிறை 287.09-ஆல் பெருக்கினால் 0.024 மி.கி. உப்பு வருகிறது. இது நிச்சயம் தப்பு என்று தெரிகிறது, எங்கே தப்பு என்றுதான் தெரியவில்லை. அலுமினா 100 மி.கி. போட்டால் 10 சதவீதம் ஆகிவிடுமா?

மோல்கணக்கு:

தப்பு முதல் வரியிலேயே இருக்கிறது. ஈஓ:லி என்பது பாலிமர் சங்கிலிக்கும் உப்புக்கும் உள்ள விகிதம் இல்லை. சங்கிலியில் திரும்பத் திரும்ப வரும் எத்திலீன் ஆக்சைடு அலகுக்கும் லித்தியத்துக்கும் உள்ள விகிதம். லித்தியம் அயனியைப் பிடித்து வைப்பது ஈதர் ஆக்சிஜன். அந்த ஆக்சிஜன் எத்தனை என்பதே கேள்வி. சங்கிலி 1 லட்சமா, 6 லட்சமா, 50 லட்சமா என்பது இந்தக் கணக்கில் எங்குமே வராது. பாகுநிலை மாறும், படலத்தின் உறுதி மாறும், உப்பின் எடை மட்டும் மாறாது.

ஒரு ஈஓ அலகில் 2 கார்பன், 4 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன். மோலார் நிறை 44.05. ஆகவே,

1 கிராம் பிஇஓ = 1000 ÷ 44.05 = 22.70 மி.மோல் ஈஓ

20:1 என்றால் லித்தியம் = 22.70 ÷ 20 = 1.135 மி.மோல்

உப்பு = 1.135 × 287.09 = 325.9 மி.கி.

ஒரே வரியில் எழுதினால்: உப்பின் எடை = பிஇஓ எடை × உப்பின் மோலார் நிறை ÷ (44.05 × விகிதம்).

1 கிராம் பிஇஓ-வுக்கு மற்ற விகிதங்களில் லிடிஎஃப்எஸ்ஐ எவ்வளவு என்றால், 18:1-க்கு 362.1 மி.கி., 16:1-க்கு 407.3, 10:1-க்கு 651.7, 8:1-க்கு 814.7. உங்கள் எக்ஸெல் தாள் இதே எண்களைக் காட்டுகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

உப்பு மாறினால் மோலார் நிறையை மட்டும் மாற்றினால் போதும். லித்தியம் பெர்குளோரேட் 106.39, லித்தியம் டிரைஃப்ளேட் 156.01, லித்தியம் ஹெக்ஸாஃப்ளூரோபாஸ்ஃபேட் 151.91, சோடியம் பெர்குளோரேட் 122.44. அதே 20:1-க்கு பெர்குளோரேட் 120.8 மி.கி.தான் வரும்.

"r = 0.05" என்பது அதே 20:1-ஐத் தலைகீழாகப் போட்டது, லி ÷ ஈஓ. 0.085 என்று பார்த்தால் அது ஏறத்தாழ 11.8:1. சிலர் r என்ற எழுத்தையே ஈஓ ÷ லி-க்கும் பயன்படுத்துவார்கள். 1-ஐவிடப் பெரிய எண்ணா, சிறிய எண்ணா என்று பார்த்தாலே எது எது என்று தெரிந்துவிடும். பெயருக்குள்ளேயே விகிதத்தை எழுதும் பழக்கமும் உண்டு. பிஇஓ-வுக்குக் கீழே சின்ன எழுத்தில் 8 போட்டு, பக்கத்தில் பெர்குளோரேட் என்று எழுதியிருந்தால் 8:1 என்று பொருள்.

நாலுதசமம்:

மேலே சொன்னது சரி. எடை சதவீதத்தையும் இதோடு சேர்த்துப் பார்த்துவிடலாம், ஏனென்றால் இரண்டையும் ஒன்று என்று நினைத்துக்கொள்பவர்கள் அதிகம்.

"20 எடை சதவீத உப்பு" என்றால் 100 கிராம் கலவையில் 80 கிராம் பிஇஓ, 20 கிராம் உப்பு. 80 ÷ 44.05 = 1.816 மோல் ஈஓ. உப்பு பெர்குளோரேட் என்றால் 20 ÷ 106.39 = 0.188 மோல், விகிதம் 9.7:1. உப்பு லிடிஎஃப்எஸ்ஐ என்றால் 20 ÷ 287.09 = 0.0697 மோல், விகிதம் 26:1. இரண்டு குப்பியிலும் எழுதியிருப்பது அதே 20 சதவீதம். ஒன்றில் லித்தியம் மற்றதைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். இந்த இரண்டு படலங்களின் கடத்துத்திறனையும் பக்கத்தில் வைத்து "லிடிஎஃப்எஸ்ஐ நல்லது, பெர்குளோரேட் மோசம்" என்று முடிவு எழுதினால் அது உப்பைப் பற்றிய முடிவே ஆகாது. உப்புகளை ஒப்பிடும்போது மோல் விகிதத்தை ஒன்றாக வைக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

அடுத்து அலுமினா. "10 சதவீதம்" என்று கேட்டதுமே திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி: எதில் பத்து? உங்கள் 20:1 கலவையை எடுத்துக்கொள்வோம். பிஇஓ 1.0000 கிராம், உப்பு 0.3259 கிராம்.

பாலிமரில் 10% என்றால் 100 மி.கி. அலுமினா.

பாலிமர் + உப்பு எடையில் 10% என்றால் 132.6 மி.கி.

மொத்தப் படலத்தில் 10% என்றால் 1.3259 ÷ 9 = 147.3 மி.கி.

மூன்றையும் மொத்தப் படலத்தின் கணக்கில் பார்த்தால் முறையே 7.0%, 9.1%, 10%. அதாவது "10%" என்ற ஒரே சொல்லுக்குள் 100 முதல் 147 மி.கி. வரை ஒளிந்திருக்கிறது. ஃபில்லர் அளவைக் கூட்டக் கூட்ட இந்த இடைவெளியும் கூடும்.

மொத்தத்தில் x பங்கு வேண்டும் என்றால் சூத்திரம்: ஃபில்லர் = (மற்றவை எல்லாம் சேர்ந்த எடை) × x ÷ (1 − x). பலர் (1 − x)-ஆல் வகுப்பதை மறந்து வெறும் x-ஆல் பெருக்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் நீங்கள் போடுவது இரண்டாவது வகை, எழுதுவது மூன்றாவது வகை.

வெண்படலம்:

சங்கிலியின் மோலை எடுத்ததுதான் தப்பு என்று புரிந்தது. இந்த மூன்றில் எதைத் தேர்ந்தெடுப்பது? நான்காவதாக சக்சினோநைட்ரைலும் (பிளாஸ்டிசைசர், படலத்தை இளக்கும் பொருள்) சேர்ந்தால் கணக்கை எங்கிருந்து தொடங்குவது?

நாலுதசமம்:

எதைத் தேர்ந்தெடுத்தாலும் சரி, அதைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். "மொத்தத் திட எடையில்" என்ற மூன்று சொல் போதும். என்னைக் கேட்டால் ஃபில்லருக்கும் பிளாஸ்டிசைசருக்கும் மொத்த எடையை வைத்தும், உப்புக்கு மோல் விகிதத்தை வைத்தும் போவதே நல்லது. கரைப்பான் எந்தச் சதவீதத்திலும் சேராது, அது ஆவியாகிப் போய்விடும் பொருள்.

நான்கு கூறுகள் இருந்தால் பின்னாலிருந்து தொடங்குங்கள். மொத்தம் 2 கிராம் வேண்டும், ஃபில்லர் 10%, சக்சினோநைட்ரைல் 20%, ஈஓ:லி 18:1 என்று வைப்போம்.

ஃபில்லர் 0.2000 கிராம். சக்சினோநைட்ரைல் 0.4000 கிராம். மீதி 1.4000 கிராம் பிஇஓ-வும் உப்பும் சேர்ந்தது. 18:1-இல் ஒரு கிராம் பிஇஓ-வுக்கு 0.3621 கிராம் உப்பு. எனவே பிஇஓ = 1.4000 ÷ 1.3621 = 1.0278 கிராம். உப்பு = 1.4000 − 1.0278 = 0.3722 கிராம்.

சரிபார்க்க: 1.0278 ÷ 44.05 = 23.33 மி.மோல். 0.3722 ÷ 287.09 = 1.296 மி.மோல். வகுத்தால் 18.0. சரிபார்ப்பு வரியை எக்ஸெலில் நிரந்தரமாக வைத்துவிடுங்கள். தராசில் கிடைத்த உண்மையான எடையை அதில் போட்டால் உண்மையான விகிதம் வரும். குறிப்பேட்டில் ஏற வேண்டியது அந்த எண்தான்.

மெதுவாக_கலக்கு:

கணக்கு ஓகே. தராசுக்கு வருவோம், ஏன்னா காகிதத்துல 20:1 போட்டுட்டு குப்பியில 21.5:1 வாங்குறது ரொம்ப சுலபம்.

முதல்ல பாலிமரை எடை போடுங்க. 1.0000 கிராம்தான் வரணும்னு மல்லுக்கட்ட வேண்டாம். 1.0187 வந்தா 1.0187-ன்னு எழுதிட்டு, அதுக்கு ஏத்த உப்பைக் கணக்கு போடுங்க: 1.0187 × 0.3259 = 0.3320 கிராம். எல்லாத்தையும் ஒரே குப்பியில, தராசைப் பூஜ்யமாக்கிப் பூஜ்யமாக்கிப் போடலாம். எடைக் காகிதத்துல நிறுத்து அப்புறம் குப்பியில கொட்டினா, காகிதத்துல ஒட்டிக்கிட்ட உப்பு உங்க கணக்குல இருக்கும், குப்பியில இருக்காது. காகிதம் பயன்படுத்தியே ஆகணும்னா கொட்டின பிறகு காகிதத்தை மறுபடி நிறுத்துக் கழிச்சுக்கங்க.

சின்ன அளவுல செய்யாதீங்க. 50 மி.கி. பிஇஓ எடுத்தா உப்பு 16.3 மி.கி. அதுல 0.3 மி.கி. தப்பினா 2 சதவீதம் போச்சு, 20 வந்து 19.6 அல்லது 20.4 ஆயிடும். நாலு தசமத் தராசு 0.1 மி.கி. வரை காட்டும்ங்கறது உண்மை. ஆனா கிளவ் பாக்ஸுக்குள்ள (ஈரம் நுழையாத மூடிய பெட்டி) காற்றோட்டம் ஓடிட்டு இருக்கும்போது கடைசி இலக்கம் ஆடிக்கிட்டே இருக்கும். எடை பார்க்கும்போது மட்டும் சுழற்சியை நிறுத்தி வைக்கறது உதவும்.

இன்னொண்ணு, நிலைமின்சாரம். உலர்ந்த பிஇஓ தூள் கரண்டியை விட்டு இறங்காது. குப்பியோட வாயை நெருங்கும்போதே துள்ளி வெளிச்சுவர்ல ஒட்டிக்கும். தராசுத் தட்டுல விழுந்த தூளும் எடையில சேரும், கரைசல்ல சேராது. அயனைசர் (நிலைமின்சாரத்தைப் போக்கற கருவி) இருந்தா பயன்படுத்துங்க. இல்லைன்னா குப்பியை உலோகத் தட்டு மேல கொஞ்ச நேரம் வெச்சுட்டு நிறுங்க.

நாலுதசமம்:

வரிசையில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து. உப்பை முதலில் போட்டு, அதற்கேற்ற பாலிமரைக் கணக்கிடுவதே வசதி.

காரணம் எளிது. லிடிஎஃப்எஸ்ஐ கட்டி கட்டியாக வரும். 0.3320 வேண்டும் என்று கரண்டி நுனியால் சுரண்டிச் சுரண்டிப் போட்டுக்கொண்டிருந்தால், கிளவ் பாக்ஸுக்கு வெளியே என்றால், அதற்குள் கட்டியின் ஓரங்கள் ஈரமாகிப் பளபளக்க ஆரம்பித்துவிடும். நிறுக்க நிறுக்க எடை ஏறிக்கொண்டே போகும் உப்பு அது. அதை ஒரே தரம் போட்டு, எடையைக் குறித்து, மூடிவிடலாம். பிஇஓ தூளைத்தான் சிட்டிகை சிட்டிகையாகச் சேர்த்து எண்ணைப் பிடிக்க முடியும். கணக்கைத் திருப்பிக்கொள்ளுங்கள்: பிஇஓ = உப்பு × 44.05 × 20 ÷ 287.09 = உப்பு × 3.069.

மெதுவாக_கலக்கு:

வெளியில நிறுத்தா நீங்க சொல்றது சரி, ஒத்துக்கறேன். கிளவ் பாக்ஸுக்குள்ள ரெண்டும் ஒண்ணுதான்.

பல விகிதங்களை வரிசையா செய்யறவங்களுக்கு இதைவிட நல்ல வழி ஒண்ணு இருக்கு, இருப்புக் கரைசல். உலர்ந்த உப்பு 1.000 கிராம், அதோட அசிட்டோநைட்ரைல் சேர்த்து மொத்தம் 10.00 கிராம் ஆக்குங்க. இப்ப 10.0 எடை சதவீதக் கரைசல் இருக்கு. 325.9 மி.கி. உப்பு வேணும்னா 3.259 கிராம் கரைசலை நிறுத்துப் போடுங்க. ஒரு மி.கி. தப்புக்கு இனி அர்த்தமே இல்லை, பத்து மடங்கு சுருங்கிடும். பிப்பெட்டால கனஅளவு அளக்காதீங்க, நிறுங்க. மூடியை இறுக்கி வைங்க. அசிட்டோநைட்ரைல் சுலபமா ஆவியாகும், ஒரு வாரம் சரியா மூடாம வெச்ச கரைசல் 10 சதவீதத்துல நிக்காது. குப்பியோட மொத்த எடையை மூடியில எழுதி வெச்சு, அடுத்த தரம் எடுக்கறதுக்கு முன்னால நிறுத்துப் பாருங்க. குறைஞ்சிருந்தா கரைப்பான் போயிருக்கு.

உலர்குப்பி:

எல்லோரும் உப்பு என்று நிறுப்பது முழுக்க உப்புதானா என்பதையும் பார்க்க வேண்டும்.

லிடிஎஃப்எஸ்ஐ-யில் 5 சதவீதம் ஈரம் இருந்தால் 325.9 மி.கி. என்று போட்டதில் உப்பு 309.6 மி.கி.தான். விகிதம் 20 இல்லை, 21.05. கூடவே 16 மி.கி. தண்ணீர் உள்ளே போகிறது. அந்தத் தண்ணீர் கடத்துத்திறனைத் தூக்கிக் காட்டும், லித்தியம் உலோகத்தைத் தொட்டதும் வினைபுரியும்.

இன்னும் மோசமானது பெர்குளோரேட். நீரற்ற வடிவம் 106.39, மூன்று நீர் மூலக்கூறு சேர்ந்த வடிவம் 160.44. புட்டியின் மேல் எது என்று பார்க்காமல், நீரற்றது என்று நினைத்து 120.8 மி.கி. மும்மைநீர் உப்பைப் போட்டால் லித்தியம் 0.753 மி.மோல்தான். 20:1 என்று நினைத்தது 30:1 ஆகிவிடும், 41 மி.கி. தண்ணீரும் சேர்ந்து வரும். மோலார் நிறையை நினைவிலிருந்து எடுக்காமல் புட்டியின் சீட்டிலிருந்து எடுக்கச் சொல்வது இதனால்தான்.

உலர்த்தும் விதம்: லிடிஎஃப்எஸ்ஐ வெற்றிடத்தில் 110–120 °செ, 24 மணி நேரம். பிஇஓ 65 °செ சுற்றி உருகும். ஆகவே அதை 50–55 °செ-க்கு மேல் கொண்டுபோகாமல் வெற்றிடத்தில் 24 முதல் 48 மணி நேரம் வைக்க வேண்டும். அலுமினா மேற்பரப்பில் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். நானோ தூள் என்றால் பரப்பு அதிகம், தண்ணீரும் அதிகம். வெற்றிடத்தில் 150–200 °செ-இல் ஓர் இரவு வைத்தபிறகு நிறுங்கள். ஹெக்ஸாஃப்ளூரோபாஸ்ஃபேட்டை மட்டும் அடுப்பில் வைக்கவே கூடாது. சூட்டில் சிதையும், ஈரம் பட்டால் ஹைட்ரஜன் ஃப்ளூரைடு வரும். அதை உலர்ந்ததாகவே வாங்கி, கிளவ் பாக்ஸுக்குள்ளேயே திறக்க வேண்டும்.

பெர்குளோரேட் பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். அது வலுவான ஆக்சிஜனேற்றி. உலர்ந்த பெர்குளோரேட்டைப் பாலிமர் தூளோடு உரலில் போட்டு அரைக்காதீர்கள், கரிமப் பொருள் பட்ட பாத்திரத்தில் வைத்துச் சூடாக்காதீர்கள்.

மோல்கணக்கு:

கலப்புப் பாலிமர் செய்பவர்களுக்காக இதையும் சேர்த்துவிடுகிறேன், அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

பிஇஓ 0.7 கிராம், பிவிடிஎஃப்-எச்எஃப்பி (ஃப்ளூரின் உள்ள இன்னொரு பாலிமர்) 0.3 கிராம், விகிதம் 16:1. இதில் ஈதர் ஆக்சிஜன் இருப்பது பிஇஓ-வில் மட்டும். ஆகவே உப்பு 0.7 × 407.3 = 285.1 மி.கி. மொத்தப் பாலிமர் 1 கிராம் என்று எடுத்து 407.3 மி.கி. போட்டால் உண்மையான ஈஓ:லி 11.2 ஆகிவிடும். பிஇஓ இல்லாமல் வெறும் பிவிடிஎஃப்-எச்எஃப்பி என்றால் ஈஓ:லி என்ற சொல்லுக்கே பொருள் கிடையாது. அங்கே பாலிமர் : உப்பு : பிளாஸ்டிசைசர் என்று எடை விகிதமாகவே எழுதுங்கள்.

குட்டைச் சங்கிலிகளில்தான் பலர் வழுக்குகிறார்கள். பிஇஜி (பாலிஎத்திலீன் கிளைகால், குட்டைச் சங்கிலி பிஇஓ) டைமெத்தில் ஈதர் (சராசரி மூலக்கூறு எடை 500) முனைகளில் மெத்தில் மட்டும் உடையது. முனைகளின் எடையைக் கழித்து ஆக்சிஜனை எண்ணினால் ஒரு மூலக்கூறுக்கு 11.3 வரும். நேராக 500 ÷ 44.05 போட்டாலும் 11.35. வித்தியாசம் அரை சதவீதம்கூட இல்லை. அதைப் பிளாஸ்டிசைசராகச் சேர்த்தால் பிஇஓ-வோடு கூட்டி ஒரே எடையாக வைத்துக்கொள்ளலாம். கூட்ட மறந்தால்தான் விகிதம் தப்பும், ஏனென்றால் அதுவும் லித்தியத்தைப் பிடிக்கும்.

பிஇஜி டைஅக்ரிலேட் 700 அப்படி இல்லை. இரண்டு அக்ரிலேட் முனைகளும் சேர்ந்து 126.11 எடுத்துக்கொள்ளும். (700 − 126.11) ÷ 44.05 = 13.03 ஈஓ அலகு. நேராக வகுத்தால் 15.89 என்று வரும். ஒரு கிராமில் இருப்பது 18.61 மி.மோல் ஈஓ, 22.70 இல்லை. 20:1-க்கு லிடிஎஃப்எஸ்ஐ 267.2 மி.கி. போதும். 325.9 போட்டவர்கள் உண்மையில் 16.4:1 செய்திருக்கிறார்கள்.

பிளாஸ்டிசைசர் பற்றி ஒன்று. "எத்திலீன் கார்பனேட் : புரோப்பிலீன் கார்பனேட் 1:1" என்று எழுதினால் எடையா, கனஅளவா, மோலா? எடையில் 50:50 என்பது ஒன்று. கனஅளவில் 1:1 என்றால் எடையில் 52.4 : 47.6. மோலில் 1:1 என்றால் 46.3 : 53.7. எத்திலீன் கார்பனேட் 36 °செ வாக்கில்தான் உருகும், அறையில் திடமாக இருக்கும். அதைக் கனஅளவில் அளப்பதற்குப் பதிலாக நிறுத்துப் போடுவதே முறை.

வெண்படலம்:

நன்றி. தட்டின் விட்டம் 10 செ.மீ. படலம் 80 மைக்ரான் தடிமன் வேண்டும். 1 கிராம் பிஇஓ-வில் தொடங்கினால் சரியாக வருமா? அசிட்டோநைட்ரைல் எவ்வளவு ஊற்ற வேண்டும்?

மெதுவாக_கலக்கு:

தடிமன் கூடுதலா வரும். பின்னாலிருந்து போடுங்க.

தட்டோட பரப்பு 78.54 சதுர செ.மீ. 1 கிராம் பிஇஓ + 0.3259 உப்பு + 0.1473 அலுமினா எடுத்துக்கிட்டா கனஅளவு என்ன? பாலிமர்-உப்புக் கலவையோட அடர்த்தியை 1.3-ன்னு வெச்சா 1.3259 ÷ 1.3 = 1.020 க.செ.மீ. அலுமினா அடர்த்தி 3.95, 0.1473 ÷ 3.95 = 0.037. மொத்தம் 1.057. பரப்பால வகுத்தா 0.01346 செ.மீ., அதாவது 135 மைக்ரான்.

80 மைக்ரானுக்கு 0.008 × 78.54 = 0.628 க.செ.மீ. போதும். எல்லாத்தையும் 0.594-ஆல பெருக்குங்க: பிஇஓ 594.3 மி.கி., உப்பு 193.7, அலுமினா 87.5. விகிதம் மாறாது, அளவு மட்டும் சுருங்கும். தட்டு சமமட்டமா இருக்கணும், இல்லைன்னா ஒரு ஓரம் 60, எதிர் ஓரம் 100 வரும்.

கரைப்பான்: 6 லட்சம் மூலக்கூறு எடை பிஇஓ-வுக்கு 4 சதவீதக் கரைசல் வசதி. 0.594 கிராமுக்கு 14.3 கிராம் அசிட்டோநைட்ரைல், அதாவது 18 மி.லி. வாக்குல. 50 லட்சம் மூலக்கூறு எடைன்னா 2 சதவீதத்துக்கு இறங்குங்க, இல்லைன்னா காந்தக் கட்டை சுத்தாம நின்னுடும்.

வரிசை: முதல்ல அலுமினாவை அசிட்டோநைட்ரைல்ல சோனிகேட் பண்ணி (மீயொலியால அதிர வெச்சு) பிரிச்சிடுங்க. அப்புறம் உப்பு. கடைசியா பிஇஓ, சுத்திக்கிட்டு இருக்கற சுழியோட ஓரத்துல கொஞ்சம் கொஞ்சமா தூவுங்க. மொத்தத்தையும் ஒரேயடியா கொட்டினா வெளிப்பக்கம் ஊதி ஜெல்லாகி, உள்ளே உலர்ந்த தூள் மாட்டிக்கும். அந்தக் கட்டியை வெளிச்சத்துல பார்த்தா நடுவுல வெள்ளைப் புள்ளி தெரியும். அதைத் தூக்கிப் போட்டுட்டு மீதியை ஊத்தினா விகிதமும் அதோட போச்சு. பிஇஓ-வுல 5 சதவீதம் கட்டியில மாட்டினா 20:1 வந்து 19:1 ஆயிடும். 40–50 °செ-ல ஒரு ராத்திரி முழுக்கக் கலக்கினா பெரும்பாலும் கரைஞ்சிடும், பொறுமை வேணும்.

உலர்குப்பி:

ஊற்றிய பிறகும் விகிதம் மாறும் இடங்கள் இருக்கின்றன.

ஒன்று, குப்பியில் தங்குவது. கலக்குவதை நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் கழித்து ஊற்றினால், கனமான ஃபில்லர் அடியில் இறங்கியிருக்கும். குப்பியின் அடியில் ஒட்டிய வெள்ளைப் பூச்சில் இருப்பது உங்கள் 10 சதவீதத்தின் ஒரு பகுதி. நிறுத்திய கையோடு ஊற்றுங்கள். குப்பியை வழித்துவிடுங்கள். பிறகு குப்பியையும் உலர்த்தி நிறுத்து, தங்கியது எவ்வளவு என்று பாருங்கள்.

இரண்டு, தங்கும் கரைப்பான். காலித் தட்டை முன்பே நிறுத்து வையுங்கள். உங்கள் கலவையில் மொத்தத் திடப்பொருள் 594.3 + 193.7 + 87.5 = 875.5 மி.கி. குப்பியில் 10 மி.கி. தங்கியிருந்தால் தட்டில் 865.5 இருக்க வேண்டும். 890 காட்டினால் 24 மி.கி.க்கு மேல் கரைப்பானோ ஈரமோ இன்னும் உள்ளே இருக்கிறது. எடை இரண்டு நாள் மாறாமல் நிற்கும்வரை வெற்றிடத்தில் வையுங்கள். அசிட்டோநைட்ரைல் 82 °செ-இல் கொதிக்கும், எளிதில் போய்விடும். டிஎம்எஃப், என்எம்பி போன்ற கரைப்பான்கள் முறையே 153, 202 °செ-இல்தான் கொதிக்கும். இவை பிவிடிஎஃப் வகைப் படலங்களில் பிடிவாதமாகத் தங்கும். தங்கிய டிஎம்எஃப் ஒரு பிளாஸ்டிசைசர் போலவே வேலை செய்து கடத்துத்திறனைக் கூட்டிக் காட்டும். அப்படிப்பட்ட படலத்தை "பிளாஸ்டிசைசர் இல்லாதது" என்று எழுதுவது சரியில்லை. டிஜிஏ-வில் (சூடாக்கிக்கொண்டே எடையை அளக்கும் சோதனை) 200 °செ-க்குள் எடை இழப்பு தெரிந்தால் அதைக் குறிப்பிட்டே ஆக வேண்டும்.

மூன்று, எதிர்த்திசைத் தப்பு. சக்சினோநைட்ரைல் வெற்றிடத்தில் தானும் ஆவியாகும். 20 சதவீதம் போட்டு, 60 °செ வெற்றிடத்தில் இரண்டு நாள் வைத்தால் 20 சதவீதம் மிஞ்சாது. வெற்றிடப் பம்புக்கு முன்னால் உள்ள குளிர்பொறியில் வெள்ளையாகப் படிந்திருக்கும். அது இருக்கும் கலவையை அறை வெப்பநிலையில், மந்த வாயு ஓட்டத்தில் உலர்த்தி, கடைசியில் கிடைத்த எடையிலிருந்து மீதியைக் கணக்கிட்டு எழுதுங்கள்.

நாலுதசமம்:

ஃபில்லர் வகைகளை ஒப்பிடப் போகிறவர்கள் எடை சதவீதத்தோடு நிற்க வேண்டாம். மேலே உள்ள 20:1 கலவையில் மொத்தத்தில் 10 எடை சதவீதம் என்றால், கனஅளவில் சிலிக்கா (அடர்த்தி 2.2) 6.2%, அலுமினா (3.95) 3.5%, எல்எல்இசட்ஓ (லித்தியம் லந்தனம் சிர்கோனியம் ஆக்சைடு, 5.1) 2.8%. ஃபில்லர் மேற்பரப்பில் அயனி எப்படி நகர்கிறது என்று பேசும்போது கனஅளவும் பரப்பும்தான் பேசும். அலுமினாவின் 3.5 கனஅளவு சதவீதத்துக்கு இணையாக எல்எல்இசட்ஓ வேண்டுமென்றால் 190 மி.கி., அதாவது 12.5 எடை சதவீதம் போட வேண்டும்.

எல்எல்இசட்ஓ காற்றில் கிடந்தால் மேலே லித்தியம் கார்பனேட் படியும். அப்போது நீங்கள் நிறுப்பதில் ஒரு பங்கு கார்பனேட். அந்தத் தூளை டிஎம்எஃப்-இல் பிவிடிஎஃப்-உடன் கலந்தால் கரைசல் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகும். காரத்தன்மையால் பாலிமரிலிருந்து ஹைட்ரஜன் ஃப்ளூரைடு கழன்று போவதன் அடையாளம் அது. அங்கே நீங்கள் போட்ட பாலிமரும் போட்டபடி இல்லை.

வெண்படலம்:

நிறுத்தாகிவிட்டது, உப்பை முதலில் போட்டேன். உப்பு 0.1962 கிராம், பிஇஓ 0.6018, அலுமினா 0.0889. சரிபார்ப்பு வரியில் ஈஓ:லி 19.99, அலுமினா மொத்தத்தில் 10.02%. உப்பு 120 °செ-இல் 24 மணி நேரம், பிஇஓ 50 °செ-இல் 48 மணி நேரம் உலர்த்தியது. அலுமினாவை மட்டும் புட்டியிலிருந்து நேராக எடுத்தேன். அதை மட்டும் மறுபடி செய்ய வேண்டுமா?

உலர்குப்பி:

இன்னும் கரைப்பான் ஊற்றவில்லை என்றால், ஆமாம். மூன்றும் ஒரே குப்பியில் இருந்தால் பிரிக்க முடியாது, மொத்தத்தையும் 50 °செ வெற்றிடத்தில் வைத்தாலும் அலுமினாவின் தண்ணீர் முழுதாகப் போகாது. புதுக் குப்பியில் தொடங்குங்கள். அலுமினாவைத் தனியே 150 °செ வெற்றிடத்தில் ஓர் இரவு வைத்து, கிளவ் பாக்ஸுக்குள் ஆறவிட்டு நிறுங்கள். உலர்த்துவதற்கு முன்னும் பின்னும் உள்ள எடையைக் குறித்துக்கொண்டால் அந்தப் புட்டியில் எத்தனை சதவீதம் தண்ணீர் இருந்தது என்றும் தெரிந்துவிடும்.